உப்பில்லாத சோறு: ஹைட்டியின் ஜாம்பி உண்மையில் யார்?

ஜாம்பிக்குச் சோறு போடும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் என்பது ஹைட்டி கிராமங்களின் பழைய நம்பிக்கை. உப்பு சேர்க்கக் கூடாது. ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் போதும், ஜாம்பிக்குத் தன் நினைவு திரும்பிவிடும். தான் யார், எந்த ஊர், தன்னை யார் புதைத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் அதை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. சில கதைகளில் அது எஜமான்மேல் பாய்கிறது. சில கதைகளில் நேரே தன் ஊர் இடுகாட்டுக்கு நடந்துபோய், தன் குழியை வெறுங்கையால் தோண்டி, உள்ளே படுத்துக்கொள்கிறது.

நம் பக்கத்தில் ஒருவனுக்கு ரோஷம் வரவேண்டும் என்றால், "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிற?" என்று கேட்போம். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும் ஒரு கரீபியத் தீவிலும் உப்பும் மானமும் இப்படி ஒட்டிக்கொண்டு கிடப்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜாம்பி என்றதும் அதுவரை என் மனதில் வந்த படம் அன்றோடு மாறிப்போனது.

அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அழுகிய முகம், கிழிந்த சட்டை, கூட்டங்கூட்டமாகத் துரத்தல், கடித்தால் கடிபட்டவரும் அதுவாகிவிடுதல். 2016-இல் தமிழிலேயே அப்படி ஒரு படம் வந்தது. ஹைட்டியின் ஜாம்பி இதில் எதையும் செய்யாது. கடிக்காது, மனித மாமிசம் தின்னாது, யாரையும் துரத்தாது. தலையைக் குனிந்துகொண்டு, வெறித்த பார்வையோடு, மூக்கால் பேசிக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்யும். அதைக் கண்டால் ஹைட்டி மக்களுக்கு வருவது பரிதாபம். அவர்களுடைய பயம் வேறு இடத்தில் இருக்கிறது: நாளை நாம் செத்தபிறகு, நம்மையோ நம் பிள்ளையையோ எவனாவது இப்படி ஆக்கிவிடுவானோ என்ற பயம். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த பயம்

ஹைட்டி 1804 வரை சான் டொமாங் என்ற பிரெஞ்சுக் காலனியாக இருந்தது. 1697-இல் ஸ்பெயின் அந்தப் பகுதியைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. கேரளத்தைவிடச் சிறிய நிலம்தான். ஆனால் 1780களில் ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதமும், குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அங்கே விளைந்தது. விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1789-இல் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவில் பிறந்தவர்கள் அல்லர். பிறப்பைவிடச் சாவு அதிகம் என்பதால் தோட்ட முதலாளிகள் ஆட்களை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1780களின் கடைசியில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் கப்பலில் வந்து இறங்கினார்கள். கரும்பு வெட்டும் காலத்தில் இரவிலும் ஆலை ஓடும். உறக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை போனால், உடனே வெட்டிவிட அரிவாள் பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

இப்படி ஒரு வாழ்க்கையில் சாவு என்பது தண்டனையாகத் தெரியாது. செத்தால் ஆன்மா கடலுக்கு அடியில் நடந்து கினேவுக்குப் போய்ச் சேரும் என்று அவர்கள் நம்பினார்கள். கினே என்றால் ஆப்பிரிக்கா, முன்னோர்கள் இருக்கும் ஊர். அங்கே கங்காணி இல்லை, சாட்டை இல்லை. பலர் தாங்களாகவே உயிரை விட்டதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

இப்போது ஜாம்பியை யோசித்துப் பாருங்கள். செத்தபிறகும் கினேவுக்குப் போக முடியாதவன் அவன். கல்லறையிலிருந்து எழுப்பி, மறுபடியும் தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இருந்த ஒரே வாசலும் அடைபட்டுவிடுகிறது. அடிமைத்தனத்தை அனுபவித்த ஒரு சமூகம் கற்பனை செய்யக்கூடிய ஆகப்பெரிய கொடுமை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1791-இல் அந்த அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திர நாட்டை அமைத்தார்கள். அடிமைகள் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்து நிலைநிறுத்திய நாடு உலகில் அது ஒன்றுதான். நாடு விடுதலையானது, அந்தப் பழைய பயம் மட்டும் கதையாக மாறி நிலைத்துவிட்டது.

ஜாம்பி என்ற சொல்லும் கப்பலில் வந்ததாகவே தெரிகிறது. மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ, கிம்புண்டு மொழிகளில் கடவுளையும் ஆவியையும் குறிக்கும் நஸாம்பி, நஸும்பி போன்ற சொற்கள் உண்டு. அச்சில் அந்தச் சொல் முதலில் வந்தது 1697-இல், குவாடலூப் தீவைப் பற்றிய ஒரு பிரெஞ்சு நாவலில். பிற்பாடு 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே குவாடலூப்தான். அந்த நாவலில் ஜாம்பி என்பது கண்ணுக்குத் தெரியாத ஆவி. நடமாடும் பிணமாக அது உருத்திரண்டது சான் டொமாங்கின் மண்ணில்.

எப்படி ஆக்குகிறார்கள் என்பது நம்பிக்கை

ஹைட்டியின் வூடு சமயத்தில் மனிதனுக்கு ஆன்மா ஒன்றே என்ற கணக்கு இல்லை. உடலை உயிரோடு வைத்திருக்கும் பொதுவான சக்தி ஒன்று. அது 'பெரிய நல்ல தேவதை'. ஒருவரை அவராக ஆக்கும் குணம், நினைவு, விருப்பம் எல்லாம் சேர்ந்தது இன்னொன்று. அது 'சிறிய நல்ல தேவதை'. இறந்தவுடன் இந்தச் சிறியது சில நாட்கள் உடலைச் சுற்றியே நிற்கும். அந்த நேரத்தில் போக்கோர் எனப்படும் மந்திரவாதி அதைப் பிடித்து ஒரு புட்டியிலோ மண்கலயத்திலோ அடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் உடல் அவன் சொன்னபடி கேட்கும். மூச்சு இருக்கும், நடை இருக்கும், தான் என்பது இருக்காது. அதேபோல் புட்டிக்குள் இருக்கும் ஆன்மாவும் ஒருவகை ஜாம்பிதான், உடலில்லாத ஜாம்பி. நம் ஊர்க் கதைகளில் மந்திரவாதி ஏவிவிடும் குட்டிச்சாத்தானோடு ஒப்பிட்டால் இந்த இரண்டாவது வகை நமக்குச் சட்டென்று புரியும். முதல் வகைக்கு நம்மிடம் சரியான இணை இல்லை. வேதாளத்தைச் சொல்லலாம் என்றால், அது பிணத்துக்குள் புகுந்துகொள்ளும் வேறொரு ஆவி. கேள்வி கேட்டு ராஜாவையே திணறடிக்கும். ஜாம்பி கேள்வி கேட்பதில்லை.

இந்தப் பயம் சடங்கிலும் சட்டத்திலும் பதிந்திருக்கிறது. பிணம் அழுகத் தொடங்கும்வரை உறவினர்கள் கல்லறையைக் காவல் காப்பார்கள். காது இல்லாத ஊசியும் நூலும் பிணத்தின் கையில் வைப்பார்கள். சவப்பெட்டிக்குள் எள்ளைத் தூவுவார்கள். கோக்க முடியாத ஊசியைக் கோத்துக்கொண்டும், எண்ண முடியாத எள்ளை எண்ணிக்கொண்டும் இருக்கும் பிணத்துக்கு, போக்கோர் கூப்பிடுவது காதில் விழாதாம். இன்னும் அஞ்சுபவர்கள் பிணத்தின் நெஞ்சில் கத்தியைப் பாய்ச்சியே புதைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை கொல்ல முடிந்த பிணம் பத்திரமானது.

19-ஆம் நூற்றாண்டின் ஹைட்டி தண்டனைச் சட்டத்தில் 246-ஆம் பிரிவு ஒன்று உண்டு. உயிரைப் போக்காமல் நெடுநேரம் மயக்கத்தில் ஆழ்த்தும் பொருளை ஒருவருக்குக் கொடுத்தால் அது நஞ்சூட்டும் குற்றம். அந்த மயக்கத்தில் அவர் புதைக்கப்பட்டுவிட்டால், பின்னால் என்ன ஆனாலும் சரி, அது கொலை. சட்டம் மந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பொருள் என்கிறது. ஏதோ ஒரு மருந்து இருக்கிறது என்ற எண்ணத்தின் தடம் அதில் தெரிகிறது. விஞ்ஞானிகளை ஹைட்டிக்கு இழுத்ததும் அதே எண்ணம்தான்.

திரும்பி வந்தவர்

1962 ஏப்ரல் 30 அன்று, டெஷாப்பெல் ஊரில் அமெரிக்க மருத்துவர்கள் பணியாற்றிய மருத்துவமனை ஒன்றில் கிளேர்வியஸ் நார்சீஸ் என்பவர் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், உடல்வலி, இருமினால் ரத்தம். மே 2-ஆம் தேதி அவர் இறந்ததாக இரண்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மறுநாள் புதைத்தார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 1980-இல், லெஸ்டேர் ஊர்ச் சந்தையில் அவருடைய தங்கையிடம் ஒருவர் வந்து, வீட்டுக்குள் மட்டும் புழங்கிய சிறுவயதுச் செல்லப்பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

அவர் சொன்ன கதை இது. நிலத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பகை. அதனால் தன்னை விற்றுவிட்டார்கள். மருத்துவர்கள் இறந்துவிட்டான் என்று சொன்னதும், முகத்தில் துணியை இழுத்து மூடியதும் தெரிந்தது, அசையத்தான் முடியவில்லை. கன்னத்தில் இருந்த தழும்பைக் காட்டி, சவப்பெட்டியில் அடித்த ஆணி கிழித்தது என்றார். குழியிலிருந்து எடுத்து, அடித்து, கட்டி, வடக்கே ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 2 ஆண்டு வேலை. எஜமான் செத்ததும் எல்லோரும் சிதறி ஓடினார்கள். அண்ணன் இறந்தது தெரிந்தபிறகே ஊருக்குத் திரும்பினாராம்.

போர்ட்-ஓ-பிரின்ஸில் மனநல மையத்தை நடத்திவந்த மருத்துவர் லமார்க் டூயோன், குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைக் கேள்விகளாகத் தொகுத்துக் கேட்டார். பதில்கள் சரியாக இருந்தன. மருத்துவமனைப் பதிவும் கையில் இருக்கிறது. சாவுச் சான்றிதழோடு நடமாடும் மனிதர்! இதை விசாரிக்க 1982-இல் ஹார்வர்டிலிருந்து வேட் டேவிஸ் என்ற இளம் தாவரவியல் ஆய்வாளர் அனுப்பப்பட்டார்.

டேவிஸ் பல ஊர்களில் போக்கோர்களிடம் பணம் கொடுத்து ஜாம்பிப் பொடி வாங்கினார். எதிலெதில் என்னென்ன சேர்கிறது என்று எழுதிக்கொண்டார். அந்தப் பட்டியலைப் படித்தால் நமக்கு ஊர் வாசனை அடிக்கும். வாகை மரத்தின் விதை இருக்கிறது. தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும் பூனைக்காலி இருக்கிறது. இன்னொரு பக்கம் தேரை, மரத்தவளை, மனித எலும்பு. ஒரு பொடிக்காக ஒரு குழந்தையின் குழி தோண்டப்பட்டபோது டேவிஸ் உடனிருந்தார். அறிவியலின் பெயரால் அதைச் செய்திருக்கவே கூடாது என்று அப்போதே பலர் கண்டித்தார்கள், அந்தக் கண்டனம் நியாயமானது. இந்த எல்லாவற்றுக்கும் நடுவே, பெரும்பாலான பொடிகளில் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்தது: பேத்தை மீன்.

ஒரு தக்கை, ஒரு வாயில்

பேத்தை நம் கடற்கரைகளிலும் வலையில் ஏறும் மீன். பயந்தால் வயிற்றை ஊதிப் பந்தாக்கிக்கொள்ளும். அனுபவமுள்ள மீனவர் அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார், ஏனென்றால் அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1909-இல் ஜப்பானிய வேதியியலாளர் யோஷிசுமி தஹாரா வைத்த பெயர் அது. மீன் இதைத் தானாகச் செய்வதில்லை. சில பாக்டீரியாக்கள் செய்வது, உணவு வழியாக மீனின் உடலில் சேர்கிறது. சமைத்தாலும் அழியாது. ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும், ஆள் போய்விடுவார்.

இது வேலை செய்யும் விதம் அவ்வளவு நுட்பமானது. நம் நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் அயனிக்கென்றே மிகச் சிறிய வாயில்கள் இருக்கின்றன. கையைத் தூக்கு என்று மூளை சொன்னதும் முதல் வாயில்கள் திறக்கின்றன, வெளியே காத்திருக்கும் சோடியம் உள்ளே பாய்கிறது, அந்தப் பாய்ச்சலின் மின் அதிர்வு பக்கத்து வாயில்களைத் திறக்கிறது. இப்படியே வாயில் வாயிலாகச் செய்தி தசைவரை ஓடிவிடும். ஒவ்வொரு வாயிலும் திறந்து மூடுவது நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள்.

டெட்ரோடாக்சின் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின்னேற்றம் கொண்டது, சோடியத்தைப் போலவே. வாயிலின் வெளிமுகத்தில் அது வந்து அமர்கிறது. உள்ளே நுழையும் அளவுக்குச் சிறியதாக இல்லை. அதனால் புட்டி வாயில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மூலக்கூறு, ஒரு வாயில். இதை 1964-இல் டோஷியோ நராஹாஷியும் அவருடைய குழுவினரும் நரம்பு இழைகளில் அளந்து காட்டினார்கள். நரம்பு கெடவில்லை, தசை கெடவில்லை. நடுவில் செய்திதான் நின்றுபோகிறது.

மீன் ஏன் சாகவில்லை? அதன் சோடியம் வாயில்களில், தக்கை உட்காரும் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, தக்கை பிடிக்காது. நம் இதயத்தின் வாயில்களிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஒரு மாற்றம் உண்டு. ஆகவே கை, கால், நெஞ்சுத் தசைகள் எல்லாம் செயலிழந்த பிறகும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வடிகட்டியையும் இந்த நஞ்சு எளிதில் தாண்டாது. விளைவு என்ன தெரியுமா? முதலில் உதடும் நாக்கும் மரக்கும். பிறகு கைகால் விழும், பேச்சு போகும், மூச்சு மேலோட்டமாகும். நாடி பிடித்தால் கிடைப்பது கடினம். கண்ணில் ஒளி அடித்தாலும் அசைவு இருக்காது. உள்ளே ஒருவர் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரும்பாலும் இது மூச்சு நின்று சில மணி நேரத்தில் சாவில் முடியும். முறிவு மருந்து இன்றும் கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பொதுவாகப் பிழைத்துக்கொள்வார்கள், எந்த ஊனமும் இல்லாமல். நார்சீஸ் சொன்ன கதையின் முதல் பாதியோடு இது அச்சாகப் பொருந்துகிறது.

இரண்டாம் பாதிக்கு, அதாவது அந்த இரண்டு வருட அடிமைநிலைக்கு, டேவிஸ் ஊமத்தையைக் காட்டினார். ஹைட்டியில் ஊமத்தைக்கே 'ஜாம்பி வெள்ளரி' என்றுதான் பெயர். குழியிலிருந்து எடுத்ததும் அதைக் குழம்பாக்கி ஊட்டுவார்களாம். ஊமத்தை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வழிப்போக்கர்களின் சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து கொள்ளையடித்த வழக்குகள் பிரிட்டிஷ் இந்தியப் பதிவுகளில் நிறைய இருக்கின்றன. எழுந்து பார்க்கும்போது என்ன நடந்தது என்பதே நினைவிருக்காது.

பொடி சோதனைக்கூடத்துக்குப் போனபோது

இந்த விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் ஜாம்பியின் அறிவியல் என்று தேடினால் இந்த இடத்தோடு கதை முடிந்துவிடும். எனக்கு வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் மிச்சக் கதைதான் முக்கியமானது.

டெட்ரோடாக்சினை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்கள் டேவிஸ் கொண்டுவந்த பொடியை வாங்கிச் சோதித்தார்கள். தகேஷி யசுமோட்டோவும் சி. ஒய். காவோவும் 1986-இல் வெளியிட்ட முடிவு: பொடியில் இருந்த நஞ்சு அற்பம், எந்த விளைவையும் தராத அளவு. அதோடு பொடி காரத்தன்மை கொண்டது. டெட்ரோடாக்சின் காரத்தில் சிதைந்துவிடும். வேறு மாதிரிகளில் நஞ்சு கிடைத்தது என்று டேவிஸ் தரப்பு பதில் சொன்னது, சண்டை நீண்டது. ஆனால் அளவைத் தாண்டியும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொல்லும் அளவுக்கும் செத்ததுபோல் ஆக்கும் அளவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மயிரிழை. மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறும். அதை வாசற்படியில் தூவும் பொடியால், தோல் வழியாக, குறிபார்த்துச் செலுத்துவது ஆகாத காரியம்.

ஊமத்தையும் கைகொடுக்காது. அது தருவது பிதற்றலும் பிராந்தியும். கண் பாவை விரிந்து, இல்லாததைப் பிடிக்கக் காற்றில் துழாவுவார்கள். வரிசையில் நின்று கரும்பு வெட்டும் நிலை அது இல்லை. ஒருவரை ஜாம்பியாக்குவதை டேவிஸ் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவர் பக்கம் நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு: பொடி மட்டும் ஜாம்பியை உண்டாக்காது, அந்தச் சமூகத்தின் நம்பிக்கைதான் உண்டாக்குகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். படித்தவர்கள் மீனைப் பிடித்துக்கொண்டு இந்த வரியை விட்டுவிட்டார்கள்.

விருப்பத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?

ஒரு உயிரின் அசைவை விட்டுவைத்து, விருப்பத்தை மட்டும் பிடுங்கிவிட முடியுமா என்ற கேள்விக்கு இயற்கையில் ஒரு விடை இருக்கிறது. நம் இந்தியாவிலும் வாழும் மரகதக் குளவி அது; பச்சை உலோகம்போல் மின்னும். கரப்பான்பூச்சியை இரண்டு முறை கொட்டும். முதல் கொட்டு மார்பில். முன்னங்கால்கள் சில நிமிடம் மடங்கும். இரண்டாவது கொட்டு கழுத்து வழியாக நேரே தலைக்குள். கொடுக்கின் நுனியில் இருக்கும் உணர்விகளால் தடவிப் பார்த்து, குறிப்பிட்ட நரம்பு முடிச்சைத் தேடி நஞ்சை வைக்கிறது.

அதற்குப் பிறகு கரப்பானுக்கு நடக்கத் தெரியும், புரட்டிப் போட்டால் நிமிரத் தெரியும், தண்ணீரில் போட்டால் நீந்தவும் தெரியும். தானாக ஓர் அடி எடுத்து வைக்க மட்டும் தோன்றாது. குளவி அதன் மீசையில் பாதியைக் கத்தரித்துவிட்டு, மிச்ச மீசையைப் பிடித்து, மாட்டைக் கயிற்றில் இழுப்பதுபோலத் தன் பொந்துக்கு நடத்திக்கொண்டு போகிறது. காலில் ஒரு முட்டையிட்டு, வாசலைக் கல்லால் அடைக்கிறது. பொரிக்கும் புழு அதை உள்ளிருந்து உண்டு வளரும். இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் லிபர்சாட் குழு இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது. ஆக்டோபமைன் என்ற நரம்பு வேதிப்பொருளின் வேலையை நஞ்சு மட்டுப்படுத்துகிறது. அதற்கு ஈடான மருந்தைச் செலுத்தினால் கரப்பான் கொஞ்சம் மறுபடி நடக்கிறது. உப்புக் கல் நாக்கில் பட்ட மாதிரி.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் முன்னோர் சொன்னதும் வேறொரு வகைக் குளவியைப் பார்த்துத்தான். கூட்டுக்குள் புழு போகிறது, குளவி வெளியே வருகிறது. நடுவில் புழு இரையானது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பூச்சியின் தலையில் ஒரு நரம்பு முடிச்சைக் குறிவைப்பது நடக்கும். மனித மூளையில் விருப்பம் என்பது ஓரிடத்தில் இல்லை. பொடி தூவி அதை மட்டும் அணைக்க வழி கிடையாது. சரி, அப்படியானால் சந்தைக்குத் திரும்பி வந்தவர்கள் யார்?

மூன்று பேர்

1997-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ரோலண்ட் லிட்டில்வுட், முன்பு நார்சீஸைச் சோதித்த அதே லமார்க் டூயோனோடு சேர்ந்து, ஜாம்பிகள் என்று குடும்பத்தாரே ஏற்றுக்கொண்ட மூன்று பேரை முழுமையாகப் பரிசோதித்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

முதல் பெண் முப்பது வயதில் செத்துப் புதைக்கப்பட்டவர் என்றார்கள். மூன்று ஆண்டு கழித்து ஒரு தோழி அவரை அடையாளம் கண்டாள். கல்லறையைத் திறந்தால் உள்ளே கற்கள். அந்தப் பெண் பேசுவதில்லை, தானாகச் சாப்பிடுவதில்லை, தலையைக் குனிந்தபடி மெல்ல நடப்பார். மருத்துவர்களின் முடிவு: உடல் இறுகிப்போகும் வகை மனச்சிதைவு நோய்.

இரண்டாமவர் ஓர் இளைஞன். 18 வயதில் காய்ச்சலில் இறந்து, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு சேவல் சண்டை நடக்கும் இடத்தில் தோன்றி, தன் சித்தப்பாதான் ஜாம்பியாக்கினார் என்றான். அந்த உறவினருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பரிசோதனையில் இளைஞனுக்கு மூளைப் பாதிப்பும் வலிப்பும் இருப்பது தெரிந்தது. மரபணுச் சோதனையில், அவன் அந்தப் பெற்றோரின் மகனே இல்லை என்று தெரிந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் சிறைக்குப் போயிருக்கிறார்.

மூன்றாவது பெண்ணுக்குப் பிறவியிலேயே மனவளர்ச்சி குறைவு. அவரும் அந்தக் குடும்பத்துக்கு ரத்த உறவு இல்லை என்று மரபணு சொன்னது.

இதே மாதிரி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. 1936-இல் அமெரிக்க எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஸோரா நீல் ஹர்ஸ்டன், கொனாயீவ் நகர மருத்துவமனையில் ஜாம்பி எனப்பட்ட ஒரு பெண்ணைப் புகைப்படம் எடுத்தார். 1907-இல் இறந்தவராம். இறந்த பெண்ணுக்குக் காலில் எலும்பு முறிவு இருந்தது. வந்தவரின் எக்ஸ்ரேயில் முறிவே இல்லை என்று ஹைட்டி மனநல மருத்துவர் லூயி மார்ஸ் பிறகு எழுதினார். நார்சீஸ் திரும்பியது 1980-இல். மரபணுவால் ஆளை அடையாளம் காணும் முறை கண்டுபிடிக்கப்பட்டதே 1984-இல்தான். சரியான பதில்களைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இல்லை.

பொய் சொன்னார்கள், ஏமாற்றினார்கள் என்று இதை எடுத்துக்கொள்வது மகா தவறு. மருத்துவமும் காப்பகமும் எட்டாத ஒரு நாட்டில், மனநோய் கண்டவர்கள் தெருவில் அலைகிறார்கள். கிராமத்தில் பிணத்தைச் சீக்கிரம் புதைத்துவிடுவார்கள். பலருக்குச் சாவுச் சான்றே கிடையாது. கல்லறைகள் தரைக்குமேல் கட்டிய சிமெண்ட் அறைகள், திறப்பது எளிது. இளம் வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், சந்தையில் அவன் ஜாடையில், வெறித்த கண்ணோடு நிற்கும் ஒருவனைப் பார்க்கிறாள். முகம் சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன, ஜாம்பியான பிறகு முகம் அப்படியேவா இருக்கும்? தன்னை நினைவில்லையா? ஜாம்பிக்கு எப்படி நினைவிருக்கும்? பொருந்தாத ஒவ்வொன்றையும் அந்த நம்பிக்கையே விளக்கிவிடுகிறது. வீடற்ற ஒருவருக்கு ஒரு வீடும் பெயரும் கிடைக்கின்றன. அவளுக்குப் பிள்ளை கிடைக்கிறான்.

வெளியார் கையில்

கடிக்கும் ஜாம்பி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. சாலை போட கிராமத்து மக்களைக் கயிற்றில் கட்டி வேலைக்கு இழுத்தார்கள். அடிமைக் காலம் திரும்பியதாகவே ஜனங்கள் நினைத்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே போன வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் எழுதிய பயண நூலில், அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்பு வயலில் வேலை செய்யும் ஜாம்பிகள் கதை இருக்கிறது. 1932-இல் அது ஹாலிவுட்டுக்குப் போனது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்றன. அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல் ஒருமுறைகூட வராது. பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரை ஒட்டினார்கள். எஜமான் மறைந்துபோனான், தோட்டம் மறைந்துபோனது, பாதிக்கப்பட்டவனே அரக்கனாகிவிட்டான். ஹைட்டியர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களில் இதையும் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

லிட்டில்வுட் கட்டுரையின் மூன்றாவது பெண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஜாம்பியாக வேறொரு ஊரில் வைத்திருந்தார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். ஆய்வாளர்கள் அவரை அந்த ஊருக்கே அழைத்துப் போனார்கள். சந்தைக்குள் கால் வைத்ததும் கடைக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டார்கள். யாரும் அஞ்சி ஓடவில்லை. இவள் எங்கள் ஊர்ப் பெண், கொஞ்சம் வெகுளி, காணாமல் போயிருந்தாள் என்றார்கள்.